பள்ளி மருத்துவக் குழு சீட்டு கொடுத்தால் உடனே செய்ய வேண்டியவை

அரசுப் பள்ளிக்கு ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளுக்கு உடல்நலப் பரிசோதனை செய்யும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு வந்துபோன அன்று பிள்ளை மேல்சிகிச்சைக்கான ஒரு பரிந்துரைச் சீட்டோடு வந்தால், அதைப் புத்தகப்பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். இது 2013-இல் தொடங்கிய திட்டம், 18 வயது வரை பரிசோதனையும் மேல்சிகிச்சையும் இலவசம்.

முதலில் சீட்டை இருபுறமும் போனில் படம் எடுங்கள். என் மகளின் சீட்டில் இனிஷியல் மட்டும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை, அந்த ஓர் எழுத்துக்காக மூன்று நாள் கூலியை விட்டு அலைந்தேன். அதனால் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள், பிழை இருந்தால் பள்ளியிலேயே திருத்தி, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். ஆசிரியரிடம் கோபப்பட வேண்டாம், பாடம் நடத்துவதற்கு நடுவே எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) விவரம் ஏற்றும் வேலையும் அவர்களுக்கு வந்துவிடுகிறது.

அப்புறம், அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று கைக்கு வர நாளாகும், இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் அசலோடு இரண்டு செட் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.