கடலோர வீட்டுக்கு வேகமான இணையம் போடுவது எப்படி?

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. முதலில் வந்த இணையம் டயல்அப். மோடம் கீச்சிட்டு முடிந்து இணைப்பு கிடைத்ததும் வீட்டு போன் முடங்கிவிடும். சவூதியிலிருந்து மாமா எத்தனை முறை கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். அதன் உச்ச வேகமே 56 கேபிபிஎஸ். 50 எம்பி கோப்பு ஒன்றை இறக்க இரண்டு மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் அறுந்து போகாமல் இருந்தால். அதே கோப்பு 20 எம்பிபிஎஸ் இணைப்பில் 20 நொடியில் வந்துவிடும்.

இன்னும் பழைய செம்புக் கம்பியிலோ, போன் ஹாட்ஸ்பாட்டிலோ காலம் தள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையின் பாடம், கடலுக்குப் போகுமுன் பார்க்கிற இன்காய்ஸ் (கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையம்) அலை எச்சரிக்கை, வெளிநாட்டில் இருப்பவர் முகம் எல்லாமே இப்போது இந்த ஒரு இணைப்பில்தான் வருகின்றன.

முதலில் அளந்து எழுதுங்கள்

காலை, மதியம், இரவு 9 மணி என்று மூன்று நேரம் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்லோடை விட்டுவிடாதீர்கள். வீடியோ அழைப்பில் நம் முகம் எதிராளிக்கு உறைந்து போவது பெரும்பாலும் அப்லோடு போதாததால்தான். 2023இல் இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தினார்கள். உங்கள் எண் அதற்கும் கீழே என்றால் மாற்ற நேரம் வந்துவிட்டது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். திட்டத்தில் போட்டிருப்பது மெகாபிட், கோப்பின் அளவு மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி இறங்கும்.

உங்கள் தெருவரை எது வந்திருக்கிறது?

விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். தெருவில் நடந்து கம்பங்களைப் பாருங்கள். மெல்லிய கறுப்பு ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் போகிறதா, எந்த வீட்டில் இறங்குகிறது என்று கவனியுங்கள். அந்த வீட்டுக்காரரிடம், "மழை நேரத்தில் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அப்புறம் உள்ளூர் கேபிள் டிவிக்காரரையும் பிஎஸ்என்எல் அலுவலகத்தையும் விசாரியுங்கள். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் இருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டால் உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதாக ஆகாது. அங்கிருந்து வீடுகளுக்கு யார் இணைப்பு தருகிறார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஃபைபர் இருந்தால் யோசிக்காதீர்கள்

நம் கரையில் செம்புக் கம்பிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. எங்கள் வீட்டில் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு இணைப்பை டேப் சுற்றாமல் விட்டுப் போனார்கள். ஒரு வாடைக்காலம் முடிவதற்குள் பச்சைக் களிம்பு ஏறி, போனில் கரகரப்பும் இணையத்தில் அறுப்பும் வந்துவிட்டன. ஃபைபரில் ஓடுவது ஒளி. கண்ணாடிக்குக் களிம்பு ஏறாது.

பொருத்த வரும் நாளில் கூடவே நில்லுங்கள். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கேபிளைக் கதவு மூலையில் கூர்மையாக மடிக்க விடாதீர்கள். மடித்தால் ஒளி கசியும், இழை உள்ளேயே முறியவும் கூடும். எங்கள் முதல் ஃபைபர் இணைப்பில் இந்த ஒரு மடிப்பால்தான் பத்து நாள் அவதிப்பட்டோம். அடுத்தது, வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கேபிள் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறி உள்ளே வரட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடைசியாக, ஒளியின் அளவைக் கருவியில் காட்டச் சொல்லி அதையும் தாளில் எழுதுங்கள். டிபிஎம் என்ற அலகில் காட்டும், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று அர்த்தம். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டினால் அடிக்கடி அறுந்து போகும், உடனே சரிசெய்யச் சொல்லுங்கள். பின்னாளில் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, புகார் கொடுத்துவிடுங்கள்.

ஃபைபர் வரவில்லையா?

சிம் போடும் 4ஜி, 5ஜி ரூட்டர்தான் அடுத்த வழி. வாங்குமுன் அக்கம்பக்கத்தாரிடம் வெவ்வேறு கம்பெனி சிம் உள்ள போன்களை வாங்கிச் சோதியுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம்மில் தெரியும். மைனஸ் 85 அருமை, மைனஸ் 110 என்றால் தள்ளாடும். வீட்டுக்குள், மாடியில், ஜன்னலோரத்தில் எல்லாம் பாருங்கள். ஓட்டு வீட்டுக்கும் கான்கிரீட் வீட்டுக்கும் நிறையவே வித்தியாசம் தெரியும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலில் ரூட்டரை வையுங்கள்.

வெளியே ஆன்டெனா மாட்டினால் துருப்பிடிக்காத எஃகு கிளாம்பு போடுங்கள். இணைப்பு முனையை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். பனையில் மட்டும் கட்டவே வேண்டாம். காற்றில் ஆடும், இடி இறங்கினால் ரூட்டரோடு போகாது, வீட்டுக்குள்ளும் வரும்.

ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: அங்கே போன் சில நேரம் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் நம் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

கரண்ட் போனாலும் ஓட

புயல் நேரத்தில்தான் இணையம் அதிகம் தேவை, அப்போதுதான் கரண்டும் போகும். ரூட்டருக்கென்றே மினி யூபிஎஸ் கிடைக்கிறது. ரூட்டர் அடாப்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

சரி, வைஃபை. தடித்த சுவரைத் தாண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதே அறையில் வேகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பழையதை உடனே வெட்டாதீர்கள்

இரண்டு வாரம் இரண்டும் ஓடட்டும், நடுவில் ஒரு மழையாவது பெய்யட்டும். பழைய போன் எண் வேண்டுமென்றால் புதிய இணைப்பில் அதே எண் கிடைக்குமா என்று ரத்து செய்யும் முன் கேளுங்கள். மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். கட்டிய டெபாசிட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது முதல் நாள் எழுதிய தாளை எடுத்து, அதே மூன்று நேரங்களில் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். இரவு 9 மணி எண்தான் முக்கியம். அது சொன்ன வேகத்தில் பாதிகூட இல்லையென்றால், தாளைக் கையில் வைத்துக்கொண்டு புகார் சொல்லி, புகார் எண்ணையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.