சேலத்தில் படித்துக்கொண்டே சேலை வியாபாரம்: செமஸ்டர் கெடாமல் செய்யும் முறை

கல்லூரி அட்டவணையை நம்மால் தள்ளிப்போட முடியாது, வியாபாரத்தைத் தள்ளிப்போடலாம். அதனால் மூன்று நான்கு வாரம் பூட்டு போட்டாலும் சரக்கு கெடாத தொழில்தான் மாணவருக்குத் தோது. தட்டுவடை செட் கடை இந்தக் கணக்கில் தேறாது. சட்னி அன்றைக்கே தீர வேண்டும், சாயங்காலமானால் ஆள் நிற்க வேண்டும். மாம்பழத்தில் காசு உண்டு, ஆனால் சீசன் ஏப்ரலில் தொடங்கும்போது இரட்டைப்படை செமஸ்டர் தேர்வும் தொடங்கிவிடும். ஏற்காட்டுக் காப்பித்தூள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அரைத்த தூளின் மணமும் நாளுக்கு நாள் குறையும். சேலை பீரோவில் பேசாமல் கிடக்கும். விசைத்தறிச் சேலைக்குப் பெயர்போன இளம்பிள்ளையும் டவுன் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. எனவே இங்கே இளம்பிள்ளைச் சேலையை வாங்கி வாட்ஸ்அப்பில் விற்பதையே எடுத்துக்கொள்வோம். கொலுசு, ஃபேன்சி நகை என்று வேறு எதை எடுத்தாலும் முறை இதேதான்.

படி 1: இரண்டு காலண்டரை ஒன்றாக வையுங்கள்

சுவரில் மாட்டும் மாதக் காலண்டர் ஒன்று போதும். கல்லூரிக் கையேட்டைப் பார்த்து இன்டர்னல் தேர்வுகள், மாடல், ரெக்கார்டு சமர்ப்பிக்கும் நாள், செய்முறைத் தேர்வு, செமஸ்டர் தேர்வு எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிடுங்கள். பிறகு நீல மையில் வியாபார நாட்கள்: ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளி, பொங்கல், தை முகூர்த்தம், வைகாசி.

சிவப்பும் நீலமும் மோதும் இடம்தான் பிரச்சினை. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு பெரும்பாலும் நவம்பரில் வரும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, அதை முடித்துவிட்டுப் படிக்க நாள் கிடைத்தது. 2026இல் தீபாவளி நவம்பர் 8. போன வருடம் நடந்ததை நம்பி இந்த வருடம் சரக்கு எடுத்தால், ஹால் டிக்கெட்டும் பார்சலும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். தீபாவளி தள்ளி வரும் வருடங்களில் விற்பனையை அக்டோபர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி வார அவசர ஆர்டர்கள் நம் கையை விட்டுப் போகும், போகட்டும். வைகாசி கோடை விடுமுறையில் வருகிறது. மாணவருக்கு உண்மையான சீசன் அதுதான், தீபாவளி அல்ல.

படி 2: லீவைப் பணம் போல எண்ணுங்கள்

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வகுப்பில் இருந்தாக வேண்டும், கையில் இருப்பது 22 நாள். இதில் 12 நாளைக் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் தொடாமல் வையுங்கள். தொழிலுக்கு அதிகபட்சம் 5. மீதி 5 அவசரக் கையிருப்பு. 75க்குக் கொஞ்சம் கீழே போனால் அபராதம் கட்டி எழுத விடுவார்கள். இன்னும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. அந்த எல்லை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகளில் பாடவாரியாகவும் மணிவாரியாகவும் கணக்கிடுவார்கள். அங்கே "மத்தியானம் மட்டும் போகலை" என்பதும் ஒரே பாடத்தில் போய் விழும்.

லேப் உள்ள நாளில் லீவு போடவே கூடாது. தியரி வகுப்பைத் தோழியின் நோட்டில் பிடிக்கலாம், விட்டுப்போன எக்ஸ்பெரிமென்ட்டைப் பிடிக்க முடியாது. அசைன்மென்ட்டையும் அலட்சியமாக விடாதீர்கள். பல கலை அறிவியல் கல்லூரிகளில் 100க்கு 25 மதிப்பெண் இன்டர்னல். அரியர் எழுதினாலும் பெரும்பாலும் அந்தப் பழைய இன்டர்னல் மார்க்தான் கூடவே வரும்.

படி 3: முதலீடு பத்தாயிரத்துக்குள்

10 சேலை, சுமார் 700 ரூபாய் வீதம் 7,000. பேக்கிங், கூரியர் சுழற்சிக்கு 1,500. திரும்பி வரும் பார்சலுக்கு 1,000. ஆக 9,500. கடன் வாங்கித் தொடங்க வேண்டாம். செமஸ்டர் ஃபீஸை "பத்து நாளில் திருப்பி வெச்சிடலாம்" என்று எடுப்பதும் கடன்தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாயையும் இதில் கலக்காதீர்கள், அது புத்தகத்துக்கும் ஜெராக்ஸுக்கும் வந்த காசு.

இதற்கென்று தனி சேமிப்புக் கணக்கும் தனி யூபிஐயும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் ஓடினால் கேன்டீன் செலவும் சேலைக் காசும் கலந்து, லாபமா நஷ்டமா என்று மாதக் கடைசியில் யாருக்கும் தெரியாது.

படி 4: இளம்பிள்ளையில் வாங்குவது

கல்லூரி இல்லாத சனிக்கிழமை காலையில் போங்கள், கிளம்பும் முன் கடைக்குப் போன் செய்துவிடுங்கள். மொத்தக் கடைகளில் ஒரே டிசைனை நாலு, ஆறு, எட்டு நிறம் சேர்த்து செட்டாகக் கொடுப்பார்கள். விலை குறைவுதான். ஆனால் செட்டில் இரண்டு நிறம் எப்போதும் தூங்கும், லாபம் முழுக்க அந்த இரண்டில் முடங்கிவிடும். முதல் மூன்று மாதம் ஐம்பது ரூபாய் கூடினாலும் சிங்கிள் பீஸ் கேட்டே வாங்குங்கள்.

ஒவ்வொரு சேலையையும் கடையிலேயே முழுக்கப் பிரித்துப் பாருங்கள். முந்தி, பார்டர், உடல், ரவிக்கைத் துணி என்று வரிசையாக, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து. இழை அறுந்து கோடு விழுந்திருந்தால் அப்போதுதான் தெரியும். எண்ணெய்க் கறை பெரும்பாலும் மடிப்பு ஓரத்தில் ஒளிந்திருக்கும். டேப் கொண்டுபோய் அளந்து பாருங்கள்: சேலை 5.5 மீட்டர், ரவிக்கை 0.8, மொத்தம் 6.3. ரவிக்கை இணைந்திருக்கிறதா, தனியா, இல்லவே இல்லையா என்று பில்லின் பின்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"சாஃப்ட் சில்க்" என்று லேபிள் இருந்தால் பட்டு என்று நினைத்துவிட வேண்டாம். முந்திக் குஞ்சத்தில் ஓர் இழையை எடுத்து எரித்துப் பாருங்கள். பட்டானால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாய் உருண்டுவிடும். பாலியஸ்டரை பாலியஸ்டர் என்று சொல்லியே விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் அது மோசடி, வந்த வாடிக்கையாளரும் திரும்பி வர மாட்டார்.

படி 5: விலை போடுவது

புதிதாகத் தொடங்குபவர் சறுக்கும் இடம் இதுதான். 720க்கு வாங்கி "899, கூரியர் ஃப்ரீ" என்று போட்டால் 179 லாபம் என்று தோன்றும். எழுதிப் பார்ப்போம். வாங்கிய விலை 720, போக்குவரத்துப் பங்கு 15, கவர் 6, கூரியர் 80, திரும்பி வரும் பார்சலுக்காகச் சேலைக்கு 25. கூட்டினால் 846. மிஞ்சுவது 53 ரூபாய். போட்டோ, பதில், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஒரு சேலைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், பாடம் படிக்க வேண்டிய நேரத்தை எந்த விலைக்குக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஒரு சேலையில் கையில் 150 நிற்காத விலை மாணவருக்கு வேண்டாம். ஒன்று 999 போடுங்கள், இல்லை 899ஐக் கொஞ்சம் உயர்த்திக் கூரியரைத் தனியாக வாங்குங்கள்.

கூரியர் விலை சொல்லும் முன் பேக் செய்த சேலையைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 500 கிராம் தாண்டினால் கட்டணம் ஒரு படி ஏறும். கனமான அட்டையை எடுத்துவிட்டாலே சில சேலைகள் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும்.

படி 6: போட்டோ

திரும்பி வரும் சேலைகளில் பெரும்பகுதி "போட்டோவுல வேற கலர்" என்றுதான் வரும். டியூப்லைட்டில் எடுக்காதீர்கள். காலை எட்டு ஒன்பது மணி வாக்கில், வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில், வெள்ளைச் சுவர் பின்னணியில் எடுங்கள். மயில் பச்சையும் மெஜந்தாவும் ஊதாவும் போனுக்குப் பிடிபடாது. பச்சை நீலமாகும், ஊதா நீலத்தில் கரையும். அவற்றுக்குப் பத்து நொடி வீடியோவும், "நேரில் இன்னும் கொஞ்சம் பச்சை" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்கள். ஃபில்டர் கூடவே கூடாது. பத்துச் சேலையையும் ஞாயிறு காலையில் ஒரே மூச்சில் எடுத்துவிட்டால் வாரம் முழுக்கக் கேமராவைத் தொட வேண்டியதில்லை.

படி 7: ஆர்டருக்கு நேரம் வையுங்கள்

வகுப்பில் மேசைக்கடியில் பதில் போடுவதுதான் படிப்பைக் கெடுக்கும். நேரம் போவது மட்டுமல்ல, அரை கவனத்தில் சொன்ன விலை தப்பாகவும் போகும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தனி எண்ணில் போட்டு, காலை 7 முதல் 7.30, இரவு 7 முதல் 8 மட்டும் பதில் சொல்லுங்கள். மற்ற நேரத்துக்கு அவே மெசேஜில், அதாவது செயலி தானாக அனுப்பும் பதிலில், இப்படி வையுங்கள்:

"வணக்கம்ங்க. இரவு 7 மணிக்குப் பதில் சொல்றேன். வேண்டிய சேலையோட போட்டோ, உங்க முகவரி, பின்கோடு அனுப்பி வைங்க. பணம் வந்த பிறகுதான் சேலையை எடுத்து வைப்போம். பார்சல் புதன், சனி கிளம்பும்."

கடைசி இரண்டு வரியும் முக்கியம். "அக்கா, எனக்கு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காணாமல் போகிறவர்கள் நிறைய. புதன், சனி என்று முன்பே சொல்லிவிட்டால் "இன்னிக்கே அனுப்புங்க" என்ற நச்சரிப்பும் பாதி குறையும். செயலியில் ஆர்டர்களைப் பிரித்து வைக்கும் லேபிளில் மூன்று போதும்: பணம் வந்தது, அனுப்பியது, பிரச்சினை. பார்சலை ஒட்டும் முன் சேலையைப் பிரித்துக் காட்டி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், "கிழிசல் இருந்துச்சு" என்று வந்தால் பேச அதுதான் ஆதாரம். வாங்குபவரிடமும் பிரிக்கும் வீடியோ கேட்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 8: ஜிஎஸ்டி எல்லை

தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, நமக்கு அது எட்டாத தூரம். ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது, முதல் சேலைக்கே பதிவு வேண்டும். ஓசூர் வரை அனுப்பலாம், அதைத் தாண்டிப் பெங்களூருக்கு என்றால் வேறு கதை. பதிவு செய்தால் ரிட்டர்ன் தாக்கல் என்று ஒரு வேலை சேரும், படிக்கும் காலத்தில் அது வேண்டாத சுமை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். பணம் கேட்டு வரும் இணையதளங்கள் இடைத்தரகர்கள்.

படி 9: தேர்வுக்குக் கடையடைப்பு

செமஸ்டர் முதல் தேர்விலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 35 நாள் முன்பு கொள்முதல் நிறுத்தம். 20 நாள் முன்பு கடைசி ஆர்டர், ஸ்டேட்டஸில் மூன்று நாள் தொடர்ந்து போடுங்கள். 15 நாள் முன்பு கடைசிப் பார்சலும் கிளம்பியிருக்க வேண்டும். திரும்பி வருவது வந்து சேர்ந்து, பணம் திருப்பி, கணக்கு முடிக்க ஒரு வாரமாவது ஆகும். அதற்குத்தான் இந்த இடைவெளி. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு "எக்ஸாம் முடிஞ்சதும் தர்றேன்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வாங்கிய காசு தேர்வறையிலும் மண்டையைக் குடையும்.

அவே மெசேஜில் மீண்டும் திறக்கும் தேதியைப் போட்டுவிட்டு அந்த எண்ணை வேறு பழைய போனுக்கு மாற்றி அம்மாவிடமோ தங்கையிடமோ கொடுத்துவிடுங்கள். அவர்கள் விற்க வேண்டாம், கேட்பவர்களின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி வைத்தால் போதும்.

திறக்கும் தேதியைக் கடைசித் தேர்வுக்கு மறுநாள் என்று வைக்காதீர்கள். புராஜெக்ட் வைவா பின்னால் வரலாம், மழை விடுமுறையில் தள்ளிப்போன தேர்வும் வரலாம். ஒரு வாரம் விட்டு வையுங்கள். ரிசல்ட்டில் அரியர் ஒன்று விழுந்தால் அடுத்த செமஸ்டரில் சேலை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டு விழுந்தால் அந்த செமஸ்டர் முழுக்கக் கடை வேண்டாம், மீதிச் சரக்கை வாங்கிய விலைக்கே தெரிந்தவர்களிடம் தள்ளிவிட்டு வைகாசிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.