எக்ஸிபிஷன் சவுண்ட் பாக்ஸின் கரகரப்பு நீங்கிய விதம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கிராமபோன் உதிரிகளோடு புதிதாக வார்த்த போலிகளும் கலந்தே கிடப்பதால், சவுண்ட் பாக்ஸ் (ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் தலைப்பகுதி) வாங்கும்போது நான் அதில் பொறித்திருக்கும் பெயரை நம்புவதில்லை. 'எக்ஸிபிஷன்' என்ற பழைய சவுண்ட் பாக்ஸ் வகையின் பெயரை எவரும் பொறித்துவிடலாம். ஊசியைப் பிடித்திருக்கும் ஊசித்தண்டு சிறு வில்களின் இழுவிசையில் நின்று, விரல் பட்டதும் நுட்பமாக அசைந்து மீள்வதை மலிவான வார்ப்பில் கொண்டுவருவதுதான் கடினம்.

அவ்வாறு சோதித்து வாங்கிய அசலும் நிமிடத்துக்கு 78 சுழற்சி இசைத்தட்டில் கரகரத்தது. ஊசித்தண்டின் அசைவில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மைக்கா (அப்பிரகம்) தகட்டை இருபுறமும் அணைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்த புளியங்கொட்டைபோல் இறுகி, தகட்டை அதிரவிடாமல் தடுத்ததே காரணம். பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, பழைய ரப்பரை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். மைக்கா ஏடு ஏடாகப் பிரியக்கூடியது என்பதால் இரும்புக் கருவி எதையும் அதன் அருகில் கொண்டுசெல்லவில்லை. மென்மையான ரப்பர் குழாயை வளையமாக வெட்டி, முனைகள் இடைவெளியின்றிச் சேரும்படி பொருத்தி, தகடு நழுவாத அளவுக்கு மட்டும் மூடியை முடுக்கினேன். (இங்கே பலம் காட்டினால் ஒலி அடைத்துக்கொள்ளும்.) தகட்டின் நடுத்திருகைச் சுற்றி உருக்கிய தேன்மெழுகு ஒரு துளி இட்டேன். கடைசியாக, ஊசித்தண்டு தகட்டை இழுக்காமலும் தள்ளாமலும் நிற்கும்வரை வில்களின் திருகுகளை மாற்றி மாற்றிச் சரிசெய்தேன். பொறுமை கேட்ட வேலை இதுவே.

புது எஃகு ஊசியுடன் வைத்தபோது கரகரப்பு நீங்கி, நாகஸ்வரத்தின் மேல்ஸ்தாயி சிதறாமல் ஒலித்தது. இதே வளையங்களைப் போலி ஒன்றிலும் பொருத்திப் பார்த்தேன். தண்டே ஆடியதால் அது தொடர்ந்து சலசலத்தது.