மண்ணில் பென்சீன் அளக்கும் முறையை வேலிடேட் செய்வது எப்படி

பெட்ரோல் பங்கில் பழைய நிலத்தடி டேங்கைத் தோண்டி எடுக்கும்போது, அதன் அடிமண்ணைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்த மண்ணில் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் பதினைந்து வருடமாக என் வேலை. தண்ணீரில் இதே அளவீட்டைச் செய்து பழகிவிட்டு முதல்முறையாக மண்ணுக்கு வேலிடேஷன் (முறை தரும் எண்ணை நம்பலாம் என்று சோதித்து நிரூபிப்பது) செய்யப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தண்ணீர் வையலுக்குள், அதாவது சிறு கண்ணாடிக் குப்பிக்குள், போனால் போனபடி இருக்கும். மண் தனக்குப் பிடித்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கருவியை ஆன் செய்வதற்கு முன்னால், எந்த எண்ணோடு ஒப்பிடப்போகிறோம் என்று எழுதி வைத்துவிடுங்கள். எங்களிடம் வரும் கன்சல்டன்ட்டுகள் பலர் நெதர்லாந்தின் 2013 மண் சீரமைப்புச் சுற்றறிக்கையைக் கேட்பார்கள். அதில் பென்சீனுக்குத் தலையீட்டு அளவு (தாண்டினால் மண் கடுமையாக மாசுபட்டது என்று கொள்ளும் எல்லை) கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், சைலீனுக்கு 17. ஆனால் அது 10 சதவீதம் கரிமப் பொருள் உள்ள மண்ணுக்கான கணக்கு. கரிமப் பொருள் குறையக் குறைய எல்லையும் அதே விகிதத்தில் இறங்கும். கரிமப் பொருள் 2 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 2 என்றே கணக்கு. நம் ஊர் மண்ணில் பெரும்பாலும் அந்த 2 சதவீதம்கூட இருக்காது. ஆக, பென்சீனின் எல்லை 0.22 மில்லிகிராம், அதாவது 220 மைக்ரோகிராம். சைலீன் 3.4 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களும் கடைசிவரை தேவைப்படும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஹெட்ஸ்பேஸ் ஜிசி-எம்எஸ், அதாவது மண்ணைச் சூடாக்கி, மேலே சேரும் ஆவியில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி. அடிப்படை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவின் 5021ஏ, 8260டி முறைகள். 22 மில்லி வையலில் 2 கிராம் மண், 10 மில்லி நிறைவுற்ற உப்புக் கரைசல், 85 டிகிரியில் 50 நிமிடம் சூடு. மேலே சேரும் ஆவிதான் கருவிக்குள் போகிறது. அந்த முறையில் கரைசலில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து பிஹெச் 2-க்குக் கொண்டுவருவார்கள். கரிசல் மண்ணில் அமிலத்தை ஊற்றிப் பாருங்கள், நுரைக்கும். அதில் இருக்கும் சுண்ணாம்பு கரியமில வாயுவாக வெளியேறும்போது, மூடி போடும் முன்பே பென்சீனையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் சுண்ணாம்பு மண்ணுக்கு அமிலத்தை விட்டுவிட்டோம். இப்படி ஒரு மாற்றம் செய்தால், ஏன் செய்தோம் என்று வேலிடேஷன் அறிக்கையில் ஒரு பத்தி எழுத வேண்டும். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேலிப்ரேஷனை, அதாவது அளவு தெரிந்த கரைசல்களை (ஸ்டாண்டர்டு) ஓட்டிக் கருவியை அளவுபடுத்துவதை, பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. ஆறு புள்ளி, மிகக் கீழ்ப்புள்ளியை மறுபடி கணக்கிட்டால் சொன்ன அளவுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்தால் போதும். புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.999 வந்தது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மேல்புள்ளி ஒன்றே அந்த எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஒரு விஷயம் மட்டும்: ஸ்டாண்டர்டோடு சேர்ந்து வையலுக்குள் போகும் மெத்தனால் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 10 மைக்ரோலிட்டர், இன்னொன்றில் 100 என்று போனால், ஆவிக்கும் நீருக்கும் இடையிலான பங்கீடு மாறிவிடும். மெட்டா, பாரா சைலீன்கள் நாங்கள் வைத்திருக்கும் காலத்தில் பிரியாது. இரண்டையும் சேர்த்தே அறிக்கை கொடுக்கிறோம்.

கண்டறியும் எல்லைக்கு, 2 கிராம் மண்ணில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் வரும்படி ஸ்பைக் செய்து (தெரிந்த அளவு சேர்மத்தை நாமே சேர்த்து) ஏழு வையல் வைத்தோம். ஒரே நாளில் ஏழையும் ஓட்டிவிடாதீர்கள். மூன்று வெவ்வேறு நாட்களில் பிரித்து ஓட்டுங்கள், கூடவே ஏழு பிளாங்க் (சேர்மம் எதுவும் சேர்க்காத வையல்). எங்களுக்குத் திட்டவிலக்கம் 5 வந்தது; அதை ஏழு வையலுக்கான புள்ளியியல் காரணியான 3.143-ஆல் பெருக்கினால் 15.7, அதுதான் கண்டறியும் எல்லை. அளவிடும் எல்லையாக, அதாவது நம்பி எண் சொல்லக்கூடிய மிகக் கீழ் அளவாக, 50-ஐயே வைத்துக்கொண்டோம். 220-ஐப் பார்க்க 50 தாராளமாகப் போதும். இன்னும் கீழே போகவேண்டும் என்று இரண்டு மாதம் மல்லுக்கட்டுவதைவிட, அந்த நேரத்தை ரெக்கவரிக்கு, அதாவது சேர்த்ததில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பதற்கு, கொடுங்கள்.

ஏனென்றால் ரெக்கவரியில்தான் நான் சறுக்கினேன். முதல் வேலிடேஷனைச் சுத்தமான கடல் மணலில் செய்தேன். நான்கு சேர்மத்துக்கும் 95-லிருந்து 104 சதவீதம் வரை வந்தது. கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினேன். சில மாதம் கழித்து கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கரிசல் மண் வந்தது. வழக்கம்போல அந்த மண்ணிலேயே ஒரு ஸ்பைக் வைத்தேன். பென்சீன் 88 சதவீதம் வந்தது, ஆர்த்தோ சைலீனோ 61-இல் நின்றது. திரும்ப வைத்தாலும் அதேதான். கருவியில் எந்தக் குறையும் இல்லை. களிமண்ணும் கரிமப் பொருளும் சைலீனைப் பிடித்துக்கொண்டன. நீரில் கரையப் பிடிக்காத சேர்மம் மண்ணோடுதான் ஒட்டும், சைலீன் பென்சீனைவிட அதிகமாக. ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு வையலிலும் ஒரே அளவு சேர்க்கும் இன்டர்னல் ஸ்டாண்டர்டும் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைக் கரைசலில் சேர்த்ததால் அது மண்ணுக்குள் போய் ஒட்டவே நேரமில்லை.

அதற்கு முன் போன அறிக்கைகளை எடுத்து, எவையெல்லாம் களிமண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று பேருக்குத் திருத்திய அறிக்கை அனுப்பினோம். அதன்பிறகு இதை விதியாகவே வைத்திருக்கிறேன்: மணல், செம்மண், கரிசல் மூன்றிலும் வேலிடேஷன் செய்யவேண்டும். அதுவும் ஸ்பைக் செய்த உடனே ஒரு தொகுதி, மூடி வைத்து ஏழு நாள் கழித்து ஒரு தொகுதி. டேங்கின் அடியில் பெட்ரோல் வருடக்கணக்கில் ஊறியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு முன் ஊசியால் விட்ட ஸ்பைக் அந்த மண்ணைப் பற்றி முழுதாகச் சொல்லாது, ஏழு நாள் வைத்தது கொஞ்சம் நெருங்கி வரும்.

கரிசலுக்குத் தீர்வு மெத்தனாலில் கிடைத்தது. 5 கிராம் மண்ணை 10 மில்லி மெத்தனாலில் குலுக்கி, அதில் 200 மைக்ரோலிட்டரை உப்புக் கரைசலில் விட்டால் சைலீன் 90-க்கு மேல் ஏறியது. கேலிப்ரேஷன் வையலிலும் அதே 200 மைக்ரோலிட்டர் மெத்தனால் வேண்டும். ஆனால் வையலுக்குள் போவது 0.1 கிராம் மண்தான், நேரடி முறையில் 2 கிராம். அளவிடும் எல்லை இருபது மடங்கு ஏறி 1 மில்லிகிராம் ஆகிவிடும். சைலீனின் 3.4-க்கு அது சரி, பென்சீனின் 0.22-க்குப் பயன்படாது. அதனால் கரிசலில் பென்சீனை நேரடியாகவும், மற்ற மூன்றையும் மெத்தனால் வழியாகவும் அளக்கிறோம். ஒரு சாம்பிளுக்கு இரண்டு வையல் வேலைதான், செலவும் கூடும். வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, மண் எடுக்கும் இடம். இதையும் வேலிடேஷனுக்குள் கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையில் அள்ளி வந்த மண்ணை நான் வாங்குவதில்லை. முனை வெட்டிய சிரிஞ்சால் குத்தி எடுத்து, முன்பே எடை போட்ட வையலில் சில நொடிகளில் தள்ளி மூட வேண்டும். சலிக்கக் கூடாது, கலக்கக் கூடாது, உலர்த்தக் கூடாது. ஈரப்பதத்துக்குத் தனி மண் எடுத்து 105 டிகிரியில் உலர்த்துங்கள்; 20 சதவீதம் ஈரம் இருந்தால் 100 என்பது உலர் எடையில் 125 ஆகும். வையல் வாயில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் மூடி சரியாக உட்காராது, துடைத்துவிட்டு மூடுங்கள். அப்புறம், மண்ணில் இருக்கும் பாக்டீரியா பென்சீனையும் டொலுயீனையும் தின்னும். குளிர்பதனத்தில் வைத்தாலும் மெதுவாகத் தின்னும். ஒரே மண்ணை ஸ்பைக் செய்து 0, 2, 7, 14-ஆம் நாட்களில் ஓட்டிப் பார்த்து, உங்கள் மண்ணுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு உறைய வைக்காத மண் இரண்டு நாளைத் தாண்டவில்லை.

பிளாங்கில் டொலுயீன் வந்தால் கருவியைக் கழற்றுமுன் வையலைப் பாருங்கள். வையல் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறார்களா? சாம்பிள் எடுத்தவர் வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அதே கையுறையோடு வந்தாரா? இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு காலி வையல் கூடவே போய்த் திரும்ப வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். மிக உயர்ந்த ஸ்டாண்டர்டுக்குப் பின்னாலும் ஒரு பிளாங்க் ஓட்டுங்கள்.

இரண்டாவது அனலிஸ்ட் ஒருவர், வேறொரு நாளில், உங்கள் உதவியில்லாமல் இதே வேலையைச் செய்யட்டும். நாங்கள் 20 சதவீத விலகலுக்குள் வந்தால் ஏற்கிறோம். குழியில் பத்து சென்டிமீட்டர் தள்ளி எடுத்த இரண்டு சாம்பிள்கள் அதைவிட அதிகமாக மாறும். அது மண்ணின் சமச்சீரின்மை, அதைத் தனியாக எழுதுங்கள்.

அறிக்கையில் மூன்று வரி எங்கள் ஆய்வகத்தில் கட்டாயம்: எந்த வகை மண்ணில் வேலிடேட் செய்த முறை, முடிவு உலர் எடையிலா, அந்தத் தொகுதியில் வாடிக்கையாளரின் மண்ணிலேயே வைத்த ஸ்பைக்கின் ரெக்கவரி எவ்வளவு. அந்த ஸ்பைக் 70-க்குக் கீழே போனால் எண்ணைப் பெருக்கிச் சரிக்கட்டுவதில்லை. மீதி வையலை எடுத்து, மெத்தனால் வழியில் திரும்ப ஓட்டுகிறோம்.