புதிய சப்டொமைன் திறக்காதபோது: கேஷில் தங்கிவிட்ட ‘இல்லை’

இணையப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் புதிய சப்டொமைனுக்கு (டொமைனுக்கு முன்னால் சேரும் பெயர்) ரெக்கார்டு சேர்த்துவிட்டுப் பிரவுசரில் திறந்தால், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று வருகிறது. யாரைக் கேட்டாலும் “எல்லா இடத்துக்கும் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகும்” என்கிறார்கள். டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றும்போது அந்தக் கணக்கில் ஓரளவு நியாயம் உண்டு. இதுவரை இல்லாத ஒரு பெயரைச் சேர்க்கும்போது அது பொருந்தாது. கேஷ் என்பது கிடைத்த பதிலைச் சிறிது நேரம் சேமித்து வைக்கும் இடம்; அந்தப் பெயருக்கு எந்தக் கேஷிலும் பழைய பதில் இருக்க வழியில்லை. இருந்தால் அது ‘இல்லை’ என்ற பதிலாகத்தான் இருக்கும்.

ரெக்கார்டைச் சேமிப்பதற்கு முன்பே யாரோ அந்தப் பெயரைக் கேட்டிருந்தால், நமக்காக டிஎன்எஸ்ஸில் தேடிப் பதில் தரும் ரிசால்வர், தனக்குக் கிடைத்த என்எக்ஸ்டொமைன் (‘அப்படி ஒரு பெயர் இல்லை’) பதிலையும் மற்றப் பதில்களைப் போலவே கேஷில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை 1998-இல் வெளியான ஆர்எஃப்சி 2308 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கிறது: உங்கள் டொமைனின் அடிப்படை விவரங்களைச் சொல்லும் எஸ்ஓஏ ரெக்கார்டுடைய டிடிஎல் (ஒரு பதிலைக் கேஷில் வைத்திருக்கக்கூடிய நேரம்), அதே ரெக்கார்டின் கடைசி எண் ஆகிய இரண்டில் எது குறைவோ, அத்தனை விநாடிகள். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். புதிய ரெக்கார்டுக்கு 60 விநாடி டிடிஎல் கொடுத்திருந்தாலும், ஏற்கெனவே கேஷில் உட்கார்ந்துவிட்ட ‘இல்லை’யை அந்த 60 எந்த விதத்திலும் பாதிக்காது.

ஒருமுறை, பெயர் காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள, ரெக்கார்டைச் சேர்க்கும் முன் நானே பிங் செய்து பார்த்தேன். அந்த ஒரு கேள்வியால் அலுவலக நெட்வொர்க்கில் ஒரு மணி நேரம் யாருக்கும் தளம் திறக்கவில்லை. கைபேசி டேட்டாவில் மட்டும் உடனே திறந்தது. இப்படி ஓரிடத்தில் திறந்து இன்னோரிடத்தில் திறக்காமல் இருந்தால், முதல் சந்தேகம் கேஷின் மீதுதான் விழ வேண்டும்.

ஆனால் எந்தக் கேஷையும் அழிப்பதற்கு முன், ரெக்கார்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று மூலத்திடம், அதாவது உங்கள் நேம்சர்வரிடமே, கேளுங்கள். டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்க உதவும் டிக் (dig) கட்டளையில் @ குறியை அடுத்து உங்கள் நேம்சர்வரின் பெயரைக் கொடுத்தால், இடையில் எந்தக் கேஷும் இல்லாமல் பதில் வரும். அங்கேயே ‘இல்லை’ என்று வந்தால் தவறு ரெக்கார்டில் இருக்கிறது, காத்திருந்து பயனில்லை. பெயர்ப் பெட்டியில் சப்டொமைனை மட்டும் எழுதாமல் முழுப் பெயரையும் எழுதியதால் டொமைன் இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது நேம்சர்வர் வேறு நிறுவனத்தில் இருக்க, டொமைன் வாங்கிய இடத்தின் பேனலில் ரெக்கார்டைச் சேர்த்திருக்கலாம். இந்த இரண்டையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். நேம்சர்வர்கள் பல இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது.

மூலத்தில் பதில் சரியாக இருந்தால், அடுத்து நீங்கள் பயன்படுத்தும் ரிசால்வரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். என்எக்ஸ்டொமைன் என்று வந்தால், பதிலின் அத்தாரிட்டி பகுதியில் உள்ள எஸ்ஓஏ வரியைக் கவனியுங்கள். அதில் டொமைன் பெயருக்கு அடுத்த எண் 2874 என்று இருந்து, ஒரு நிமிடம் கழித்துக் கேட்கும்போது 2814 ஆகியிருந்தால், கேஷிலிருந்து அந்தப் பதில் விலக இன்னும் ஏறத்தாழ 47 நிமிடங்கள் இருக்கின்றன என்று பொருள். கூகுளின் 8.8.8.8 போன்ற பெரிய சேவைகளில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல கேஷ்கள் இருப்பதால், இந்த எண் ஏறி இறங்கலாம், ஒருமுறை சரியான பதிலும் மறுமுறை ‘இல்லை’யும் வரலாம். கூகுளும், 1.1.1.1 நடத்தும் கிளவுட்ஃபிளேரும் ஒரு பெயரைத் தங்கள் கேஷிலிருந்து நீக்குவதற்கென்றே பொதுப் பக்கம் வைத்திருக்கின்றன. அங்கே போய்ப் பெயரைக் கொடுத்து நீக்கிவிடலாம். இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் ரிசால்வரில் அந்த வசதி பொதுவாகக் கிடைக்காது என்பதால், எண் பூஜ்யத்தைத் தொடும்வரை வேறு ரிசால்வருக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

ரிசால்வர் சரியான பதில் தந்தும் உங்கள் கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால், விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஃபிளஷ்டிஎன்எஸ் என்ற தேர்வுடன் இயக்குங்கள். சிஸ்டம்டி ரிசால்வர் உள்ள லினக்ஸில் ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேஷஸ் போதும். குரோமுக்குத் தனிக் கேஷ் உண்டு; நெட்-இன்டர்னல்ஸ் பக்கத்தின் டிஎன்எஸ் பகுதியில் அதை அழிக்கலாம்.

தனி ரெக்கார்டு இல்லாத பெயர்களுக்கெல்லாம் பதில் தரும், நட்சத்திரக் குறி போட்ட வைல்டுகார்டு ரெக்கார்டு டொமைனில் ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. அப்போது ‘இல்லை’ என்று வராது, பழைய தளம் திறக்கும். காத்திருக்க வேண்டிய நேரம் அந்த வைல்டுகார்டின் டிடிஎல்.

அடுத்த முறை சப்டொமைன் சேர்ப்பதற்கு முன் எஸ்ஓஏவின் கடைசி எண்ணைப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் நன்றாக வேலை செய்கிறது என்றும், ஒரு நாளைத் தாண்டினால் தொல்லை என்றும் அதே ஆர்எஃப்சி சொல்கிறது. 86400 விநாடி, அதாவது ஒரு நாள், என்று இருந்தால் குறைத்துவிடுங்கள். இன்றே தளத்தைச் சோதிக்க வேண்டிய அவசரம் என்றால், டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் உங்கள் கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஐபி முகவரியையும் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் சர்வர் மாறிய பிறகும் உங்கள் கணினி மட்டும் பழைய ஐபிக்கே போய்க்கொண்டிருக்கும்.