‘ஸ்டாக் இல்லை’ என்று கேட்டதும் செய்யக் கூடாதவை

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்களின் வயிற்றைக் கலக்கும் வார்த்தை ஒன்று உண்டு: “இந்த வாரம் வராது, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது.” வராமல் போவது பெரும்பாலும் தினமும் கை படுகிற பழைய மருந்துகள்தான். சலைன் என்ற உப்புக் கரைசல், வலியைக் குறைக்கும் மார்ஃபின், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின். அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் புற்றுநோய் வார்டும் இவற்றை நம்பித்தான் ஓடுகின்றன.

எங்கோ ஓர் ஆலை நின்று போவதை வார்டில் இருப்பவர்கள் தடுக்க முடியாது. ஆனால் தட்டுப்பாடு தெரிந்த முதல் சில நாட்களில் அவசரத்திலும் பயத்திலும் எடுக்கிற முடிவுகள் நோயாளிக்கு இன்னொரு அடியாக விழுகின்றன. அந்த அடியைத் தடுக்க முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது

“விலையை ஏற்றுவதற்காகக் கம்பெனிக்காரன் பதுக்குகிறான்” என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய ஊசி மருந்துகளில் கதை பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. காப்புரிமை முடிந்த மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கும். வாங்குபவர்கள் எல்லாரும் மிகக் குறைந்த விலை சொன்னவரிடமே போவார்கள். விலை இறங்கிக்கொண்டே வரும். கட்டுப்படியாகாதவர்கள் ஒவ்வொருவராக விலக, கடைசியில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். கிருமி இல்லாத ஊசி மருந்து தயாரிக்கும் கூடத்தை நடத்துவதற்குப் பெரிய செலவாகும். லாபம் இல்லாத மருந்துக்காகப் பழைய இயந்திரத்தை மாற்ற யாரும் முன்வருவதில்லை. அப்புறம் ஒருநாள் தரச் சோதனையில் குறை கண்டுபிடிக்கப்பட்டு உற்பத்தி நிற்கும். மற்ற ஆலைகள் ஏற்கெனவே முழு மூச்சில் ஓடுவதால் இந்தக் குறையை அவர்களால் நிரப்ப முடியாது.

2023இல் அமெரிக்காவில் நடந்தது இதுதான். அங்கே புழங்கிய சிஸ்பிளாட்டினில் ஏறக்குறைய பாதி, குஜராத்தில் உள்ள இன்டாஸ் நிறுவனத்தின் ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 2022 கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய சோதனையில் கடுமையான தரக் குறைகள் தெரியவந்து உற்பத்தி நின்றது. சில மாதங்களில், பதில் சொன்ன பெரிய புற்றுநோய் மையங்களில் 93 சதவீதம், அதே வகைப் புற்றுநோய் மருந்தான கார்போபிளாட்டின் போதவில்லை என்றன. 70 சதவீதம் சிஸ்பிளாட்டின் போதவில்லை என்றன. குறை நேர்ந்தது ஒரே ஓர் ஆலையில். சிஸ்பிளாட்டின் கிடைக்காதவர்கள் கார்போபிளாட்டினுக்கு மாறினார்கள், அதனால் அதுவும் தீர்ந்தது. தட்டுப்பாடு ஒரு மருந்தோடு நிற்காமல் பக்கத்து மருந்துக்கும் தாவும் என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தவிர்க்க முடியாத வின்கிரிஸ்டினுக்கு 2019இல் இதே போலத்தான் தட்டுப்பாடு வந்தது. இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவர் விலகினார், மற்றவரின் உற்பத்தி தாமதமானது. இயற்கைச் சீற்றமும் சேர்ந்துகொள்வதுண்டு. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது சிறிய சலைன் பைகள் அமெரிக்கா முழுக்கக் கிடைக்காமல் போயின. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலில் வட கரோலினாவில் ஓர் ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. நரம்பு வழியாக ஏற்றும் திரவங்களில் அந்த நாட்டுக்கு வேண்டியதில் சுமார் 60 சதவீதத்தை அந்த ஒரே ஆலைதான் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். சப்ளையர் செய்யும் தாமதம் என்று நினைப்பவர் போனில் நாலு சத்தம் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருப்பார். ஆலை நின்றுவிட்டது என்று புரிந்தவர் மாதக் கணக்கில் திட்டமிடுவார். கொள்முதலில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “எங்களிடம் மூன்று பிராண்டு இருக்கிறது” என்று நிம்மதியாக இருப்பார்கள். விசாரித்தால் மூன்றுக்கும் மூலப்பொருள் ஒரே ஆலையிலிருந்து வரும். மேலே இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு விடாமல், மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால் பன்றிப் பண்ணைகளில் நோய் பரவினால் அறுவை அரங்கில் உள்ளவர்களும் கவலைப்பட்டாக வேண்டும்.

பயந்து வாங்கிக் குவிப்பது

தட்டுப்பாடு வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் ஆறு மாத ஸ்டாக்கை ஆர்டர் செய்வது பொறுப்பான வேலை போலத் தோன்றும். பத்து மருத்துவமனைகள் அதையே செய்தால், லேசான குறைவாக இருந்தது ஒரே வாரத்தில் முழுத் தட்டுப்பாடாகிவிடும். பெரிய மருத்துவமனையின் அலமாரியில் குப்பிகள் காலாவதியாகிக்கொண்டிருக்கும். சின்ன மருத்துவமனையில் அதே மருந்துக்காக ஒருவர் காத்திருப்பார். மொத்த விற்பனையாளர்கள் இந்த நேரத்தில் பழைய கொள்முதல் கணக்கை வைத்துப் பங்கிடத் தொடங்குவார்கள் என்பதால், திடீரென்று பெருக்கிக் காட்டிய ஆர்டரால் பலன் கிடைப்பதும் நிச்சயமில்லை.

வார்டுக்குள்ளும் பதுக்கல் நடக்கும். நல்லெண்ணத்தோடுதான் நடக்கும். இரவு ஷிப்டில் தேவைப்படுமே என்று ஒரு செவிலியர் நாலு ஆம்பூலை (ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) இழுப்பறையில் எடுத்து வைப்பார். எட்டு வார்டில் இப்படி நடந்தால் மருந்தகத்தின் கணினியில் பூஜ்யம் காட்டும்போது கட்டிடத்துக்குள் முப்பது ஆம்பூல் கிடக்கும். இதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு மருந்தகத்தின் மேல் நம்பிக்கை குறையும்போது இப்படித்தான் நடக்கும். கையில் இருக்கும் மொத்த அளவைத் தினமும் எல்லா வார்டுக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, குப்பிகளை ஒரே இடத்துக்குத் திரும்பப் பெற்றால் இது அடங்கும்.

மாற்று மருந்தை அதே மருந்தாக நினைப்பது

உயிர் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மார்ஃபின் இல்லாதபோது ஹைட்ரோமார்ஃபோன் என்ற இன்னொரு வலி மருந்தைக் கொடுப்பது வழக்கம். பெயர்கள் காதுக்கு ஒன்று போலவே ஒலிக்கும். ஆனால் ஊசியாகப் போடும்போது 10 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம் சுமார் 1.5 மில்லிகிராம் ஹைட்ரோமார்ஃபோன்தான். மார்ஃபின் டோஸை அப்படியே ஹைட்ரோமார்ஃபோனில் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். மருந்துப் பிழைகளைத் திரட்டும் ஐஎஸ்எம்பி என்ற அமெரிக்க அமைப்பு 2010இல் தட்டுப்பாடு பற்றி விசாரித்தபோது, இதே குழப்பத்தில் நோயாளிகள் இறந்திருப்பது தெரியவந்தது.

மருந்து அதேதான், செறிவு மட்டும் வேறு என்றாலும் ஆபத்து உண்டு. அவசரத்துக்கு வைத்திருக்கும் அட்ரினலின் சிரிஞ்சில் 10 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் இருக்கும். அது கிடைக்காமல் ஆம்பூல் வாங்கினால் 1 மில்லிலிட்டரிலேயே 1 மில்லிகிராம் இருக்கும். மில்லிலிட்டர் கணக்கிலேயே பழகிய கை பதற்றத்தில் பத்து மடங்கு தவறிவிடலாம். மாற்று மருந்து கட்டிடத்துக்குள் வரும் முன்பே கணினியில் உள்ள டோஸ், மருந்தைச் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பில் பதிந்த அளவு, அலமாரி லேபிள் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். பழைய மருந்தின் இடத்திலேயே புதியதை வைக்கவே கூடாது.

மருந்தைக் கரைக்கும் திரவமும் இப்படித்தான். டெக்ஸ்ட்ரோஸ் என்பது சர்க்கரைக் கரைசல். “சலைன் இல்லையா, டெக்ஸ்ட்ரோஸில் கலந்துவிடுங்கள்” என்று சொல்வது சுலபம். வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகப் பிரிந்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின் பி-யோ சலைனில்தான் பிரியும், அதற்கு டெக்ஸ்ட்ரோஸ் வேண்டும். ரத்தம் ஏற்றும் குழாயில் டெக்ஸ்ட்ரோஸ் போனால் சிவப்பணுக்கள் உடையும். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்தமாக மாற்றச் சொல்லும் உத்தரவுக்கு மருந்தாளுநர் கையெழுத்துப் போடக் கூடாது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மாற்று மருந்து சற்றுக் குறைவாகவே வேலை செய்யலாம். 2011இல் அமெரிக்காவில் நார்எபிநெஃப்ரினுக்கு, அதாவது நார்அட்ரினலினுக்கு, தட்டுப்பாடு வந்தது. தொற்று ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் விழுந்துவிட்டவர்களுக்கு முதலில் தேடும் மருந்து இது. தட்டுப்பாட்டால் பாதிக்கப்பட்ட 26 மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இயல்பான காலத்தில் 35.9 சதவீதமாக இருந்த இறப்பு தட்டுப்பாட்டுக் காலத்தில் 39.6 சதவீதமாக இருந்தது. பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு என்பதால், கூடிய இறப்பு முழுக்க மருந்து மாறியதால்தான் என்று அறுதியிட முடியாது. இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு ‘ஏதோ ஒன்று கொடுத்தோம், பரவாயில்லை’ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று மனதை விட்டுப் போகாதது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த மெக்ளோரெத்தமின் 2009 முதல் கிடைக்காமல் போக, ஏற்கத்தக்க மாற்று என்று சைக்ளோஃபாஸ்பமைடைக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான ஒப்பீட்டில், நோய் திரும்பாமல் இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் பழைய மருந்தில் 88 சதவீதம், மாற்றில் 75 சதவீதம். நோய் திரும்பிய குழந்தைகள் அதைவிடக் கடுமையான சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் மருந்தை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. யாருக்கு, எந்தத் தேதியில், எதற்குப் பதிலாக எது கொடுக்கப்பட்டது என்று பதிந்து, பலனைப் பின்தொடர வேண்டும். பல இடங்களில் இது நடப்பதில்லை.

மிச்சம் பிடிப்பதற்காகச் சுத்தத்தில் கை வைப்பது

ஒரே குப்பியைப் பல பேருக்குப் பிரிப்பது, ஊசி மருந்தைக் கலக்கும் தகுதி இல்லாத அறையில் பைகளைத் தயாரிப்பது எல்லாம் சிக்கனம் போலத் தெரியும். 2012இல் மாசசூசெட்ஸில் ஒரு மருந்தகம் தயாரித்து அனுப்பிய ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்திருந்தது. 750 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சுத்தமில்லாத தயாரிப்பின் விலை அதுதான்.

பாதுகாப்பான சிக்கனம் வேறு வகையில் இருக்கிறது. ஒரே புற்றுநோய் மருந்து தேவைப்படுபவர்களை ஒரே நாளில் வரவழைத்து, முறையான கலவை அறையில் குப்பிகளைப் பகிரலாம். மருத்துவரின் ஒப்புதலோடு டோஸைக் குப்பியின் அளவுக்கு ஏற்ப 10 சதவீதத்துக்குள் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். வாயால் விழுங்க முடிகிற நோயாளிக்கு பாரசிட்டமாலையும் லினிசோலிட் என்ற ஆண்டிபயாடிக்கையும் மாத்திரையாகவே கொடுக்கலாம். நரம்பு வழியாக ஏற்றுவதில் கூடுதல் பலன் அநேகமாக இல்லை. தட்டுப்பாடு இல்லாத நாளிலும் செய்ய வேண்டியதுதான் இது.

முன்பின் தெரியாத வியாபாரி திடீரென்று போன் செய்து “எங்களிடம் இருக்கிறது” என்று சொன்னால், கொள்முதல் வந்த வழியை ஆவணத்தோடு காட்ட முடியாதவரிடம் வாங்கவே கூடாது. 2012இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலரிடம் போய்ச் சேர்ந்த போலி அவாஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியில் மருந்தே இல்லை.

யாருக்கு என்ற முடிவைப் படுக்கையருகில் விடுவது

இருபது பேருக்குத் தேவை, எட்டுப் பேருக்குத்தான் இருக்கிறது. இதை யார் முடிவு செய்வது? பல இடங்களில் யாரும் செய்வதில்லை. முதலில் வந்தவருக்குக் கிடைக்கும், அல்லது தெரிந்தவர் சொன்னவருக்குக் கிடைக்கும். இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை. நோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு எங்கே அதிகம், மாற்று மருந்து யாருக்குச் சரிப்படும் என்பதை வைத்து, அந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை தராத ஒரு குழு முன்கூட்டியே விதி எழுத வேண்டும். சிஸ்பிளாட்டினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆண்களின் விரைப் புற்றுநோய் போலக் குணமாகக்கூடிய நோய்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சொன்னதும் இந்தக் கணக்கில்தான். இந்த விதி இல்லாவிட்டால் அதன் பாரம் முழுவதும் இரவு மூன்று மணிக்கு ஒற்றை ஆளாக நிற்கும் இளம் மருத்துவரின் தலையில் விழும்.

நோயாளியிடம் மறைப்பதும் தவறு. “இந்த மருந்து இப்போது கிடைக்கவில்லை, இதைத் தருகிறோம், இந்த வித்தியாசம் இருக்கலாம்” என்று நேராகச் சொன்னால் பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள். வேறு இடத்தில் மருந்து இருந்தால் அங்கே அனுப்பிவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

வீட்டில் மருந்து எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கவில்லை என்று வலிப்பு மருந்து, பீட்டா பிளாக்கர் எனப்படும் இதய, ரத்த அழுத்த மருந்து, ஸ்டீராய்டு ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நாள் நீட்டிக்க மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையாக இருந்தால் உடைத்ததும் மருந்து மொத்தமாக வெளியாகிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையிலிருந்தும் கடன் வாங்க வேண்டாம். மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே மருத்துவருக்குச் சொல்லிவிட்டால், மாற்றுவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கும்.

ஸ்டாக் வந்ததும் மறந்துவிடுவது

கடைசித் தவறு, எல்லாரும் மூச்சு விட்ட பிறகு நடக்கிறது. பழைய மருந்து திரும்ப வந்துவிடும். கணினியில் மாற்று மருந்தின் டோஸ் அப்படியே இருக்கும், பம்பில் தற்காலிகச் செறிவு நீக்கப்படாமல் இருக்கும், ஏதோ ஒரு வார்டில் இரண்டு செறிவும் அடுத்தடுத்து கிடக்கும். தட்டுப்பாடு தொடங்கியபோது என்னென்ன மாற்றினோம் என்ற பட்டியல் இருந்தால்தான் ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்ற முடியும். அந்தப் பட்டியலை முதல் நாளே ஒரு நோட்டில் தொடங்குங்கள், தேதியும் மாற்றியவர் பெயரும் சேர்த்து.