எஞ்சின் ஆயில் மாற்றும்போது ஃப்ளஷ் ஊற்ற வேண்டுமா?

முதல்முறையாகத் தாங்களே காருக்கு ஆயில் மாற்றத் துணிகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "பழைய ஆயிலை இறக்கும் முன் எஞ்சினைச் சுத்தம் செய்யும் ஃப்ளஷ் வாங்கி ஊற்றணுமா?" நேரம் தவறாமல் ஆயில் மாற்றிவந்த எஞ்சினுக்குத் தேவையில்லை. காரணத்தை வேலையின் நடுவே சொல்கிறேன்.

1. வாங்க வேண்டியவை

வண்டியோடு வந்த கையேட்டைத் திறங்கள். எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர் என்பது அதில் இருக்கும். 5டபிள்யூ-30 என்றால், முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கும். கூடவே புது ஆயில் ஃபில்டர், எஞ்சினுக்கு அடியில் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும். அவற்றுக்குக் கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் இப்படிப்பட்ட பைக்குகளுக்கான தரக்குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா பாருங்கள்.

2. சூடாக்கி, தூக்கி நிறுத்துங்கள்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். சமதரை, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டு, பிறகு ஜாக்கி. தூக்கியதும் வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஜாக்கி ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் இன்று இந்த வேலை வேண்டாம்.

3. பழைய ஆயிலை இறக்குங்கள்

மேலே ஆயில் மூடியைக் கழற்றிவிட்டு, கீழே தட்டு வைத்து டிரெயின் போல்ட்டைத் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையுறை போட்ட கையால் உள்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, சட்டென்று விலக்குங்கள்.

வருவது கன்னங்கரேல் என்று இருக்கும். எஞ்சின் அசுத்தமாகிவிட்டது என்று பயந்து பலரும் ஃப்ளஷ் வாங்க ஓடுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில், ஆயில் தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அந்தக் கறுப்பு. ஆயிலைத் தயாரிக்கும்போதே அதில் டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் என்ற பொருட்களைக் கலந்துதான் அடைக்கிறார்கள். டிடர்ஜென்ட் உலோகத்தின் மேல் படிவு சேராமல் பார்த்துக்கொள்கிறது, எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. டிஸ்பர்சன்ட் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் ஆயிலிலேயே மிதக்கவிடுகிறது. போல்ட்டைக் கழற்றியதும் அதில் பெரும்பகுதி ஆயிலோடு வெளியேறிவிடுகிறது. இதற்கு மேல் தனியாக ஒரு சுத்தம் எதற்கு?

ஃப்ளஷ் பெரும்பாலும் கரைப்பான் வகைத் திரவம். பழைய ஆயிலில் ஊற்றிச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஆயில் நீர்த்துப்போகிறது. இறக்கிய பிறகும் கொஞ்சம் உள்ளே தங்கிப் புது ஆயிலோடு கலக்கிறது.

பல வருடம் ஆயிலே மாற்றாத வண்டியை வாங்கியிருந்தால்? மூடிக்கு அடியில் தார் போலக் கசடு தெரிந்தால் ஃப்ளஷ் ஊற்றத்தான் தோன்றும். எனக்கு அங்கேதான் அதிக பயம். பெயர்ந்து வரும் கட்டி ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது, எஞ்சினே போய்விடும். நல்ல ஆயிலை ஊற்றி, அடுத்த இரண்டு மூன்று முறை வழக்கமாக மாற்றும் தூரத்தில் பாதியிலேயே ஃபில்டரோடு மாற்றுங்கள். கசடு மெல்ல மெல்லக் கரையும். மூடியில் இருப்பது பால் போன்ற நுரையா? எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. போல்ட், ஃபில்டர்

போல்ட்டைப் புது வாஷரோடு கையால் மரை ஏற்றிவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அலுமினிய ஆயில் பேனில் மரை சுலபமாகப் போய்விடும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். ஒருமுறை நான் பார்க்காமல் விட்டேன். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடித்தது. புது வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே முறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு பெரும்பாலும் முக்கால் சுற்று போதும்.

5. புது ஆயில்

சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். கீழே கசிவு இல்லையென்றால் எஞ்சினை அணைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்தபடி மேல்கோடு வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், கேனில் அடைத்து அதைச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துவையுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.